எல்லாரும் தண்ணீர் ஊற்றிய காலை

விசிலக்கா ஓரிடத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றபடி, டீ நின்றபடி. டிவி பார்க்கும்போதுகூட ஒரு கை தானாக மேலே எழுந்து, இல்லாத கம்பியைத் தேடும். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். மெஷினில் உட்கார்ந்தாரென்றால் எழுந்திருக்க மறந்துவிடுகிற மனிதர். "எங்க வீட்ல உக்கார்ற வேலைய மொத்தமா நான் எடுத்துக்கிட்டேன், நிக்கிற வேலைய அவ எடுத்துக்கிட்டா. பங்கு பிரிச்சாச்சு, சண்டையே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவள் நகரப் பேருந்தில் நடத்துனராக இருந்தவள். முட்டி தேய்ந்துபோய், இனிமேல் படி ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு வேலையை விட்டாள். வேலையைத்தான் விட்டாள், படியை விடவில்லை. நான்கு மாடியும் ஏறி மொட்டைமாடிக்குப் போவாள், இறங்குவாள், பாதியில் எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி ஏறுவாள். கேட்டால், "டாக்டர் பஸ் படியத்தான் சொன்னாரு" என்பாள்.

பேச்சும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. மாடிப்படியில் இரண்டு பேர் நின்று பேசினால் போதும்: "என்ன படிக்கட்டுல தொங்குறீங்க? உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எடம் இருக்குல்ல?" ஒரு சாவு வீட்டில் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாக "முன்னால போங்க, முன்னால போங்க" என்றுவிட்டது. அழுதுகொண்டிருந்த மகன்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போய் நின்றானாம்.

மொட்டைமாடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது ஒரு தட்டு.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. துணி கம்பெனிக்கும் ஆஸ்பத்திரி துப்புரவுக்கும் விடியுமுன் கிளம்புகிற அம்மாக்களின் பிள்ளைகள் அங்கேதான் பகலெல்லாம் இருப்பார்கள், மத்தியானம் சாப்பிடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து காய்கறி லாரிகள் ஊருக்குள் வரவில்லை. கடைகளில் தக்காளியைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது என்கிற நிலைமை. அன்று எதற்கோ கீழே போன விசிலக்கா பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்தாள். வெறும் சோறு, அதன்மேல் உப்புத் தண்ணீர்.

"என்ன பாக்குற விசிலு?" என்றாள் காப்பகத்துச் சமையல்காரம்மா. கரண்டியைக் கீழே வைக்காமல் பேசுகிறவள். "வெள்ளையத் தவிர வேற நெறமே தட்டுல இல்லன்னுதான பாக்குற? நான் என்ன பண்றது, என் பொடவையவா கிழிச்சிப் போடுறது?"

அன்று சாயங்காலமே ஓட்டை வாளி ஒன்று மாடிக்குப் போனது. அப்புறம் உடைந்த வாஷ்பேசின், பஸ் டயர், பழைய டிப்போ நண்பர்கள் தள்ளிவிட்ட சீட் பலகைகள். வீடு கட்டத் தோண்டுகிற இடத்திலெல்லாம் போய் நின்று மண் கேட்டாள். பலகை அடித்து, பிளாஸ்டிக் விரித்து, மாடி முழுக்கப் பாத்தி. வீட்டுக்கு ஒரு பாத்தி. விளைவதில் பாதி அந்த வீட்டுக்கு, பாதி காப்பகத்துக்கு. பாலம் சரியாகி லாரிகள் வந்த பிறகும் அந்தப் பாதி நிற்கவில்லை. கடைக்காரனிடம் காய் வாங்குகிற வழக்கத்தையே சமையல்காரம்மா மறந்துபோனாள்.

ஒரு தொல்லைதான். விசிலக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது.

"தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சுக்கா."

"ஜன்னலப் பாத்துக்கிட்டுச் சொல்லாத, என்னப் பாத்துச் சொல்லு. டிக்கெட் எடுத்தாச்சுன்னு சொல்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மேலே போய் மண்ணுக்குள் விரலை விடுவாள். ஈரமில்லையென்றால் மாடிப்படியில் நின்று அந்த வீட்டின் மானத்தை நாலு மாடிக்கும் கேட்கும்படி ஏலம் விடுவாள். அதனால் குடியிருப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: சந்தேகமா, இன்னொரு குடம் ஊற்றிவிடு. செடி நனைந்தால் யாரும் செத்துப்போவதில்லை, அக்கா வாயில் நனைந்தால் ஒரு வாரத்துக்குத் தலை காயாது.

அந்தக் குடங்களெல்லாம் யார் தலைக்கு மேல் என்றால், நாத்தனார் தலைக்கு மேல். தையல்காரரின் தங்கை மேல் மாடியில் குடியிருந்தாள். இஸ்திரிக் கடையில் வேலை, வீட்டில் சின்ன மகள் ஒருத்தி, துணைக்கு வேறு ஆளில்லை. அண்ணியோடு பேசும்போது மட்டும் அவள் குரல் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும்.

"அண்ணி, நீங்க மேல நடந்தா என் ஃபேன் ஆடுது."

"ஃபேன்னா ஆடத்தான் செய்யும்."

"சுத்தணும் அண்ணி. ஆடக்கூடாது."

"சரி, நாளையிலேர்ந்து மெதுவா நடக்கிறேன்."

"நீங்களா? மெதுவாவா? எழுதிக் குடுங்க."

பின்னறைக் கூரையில் ஈரக்கறை ஒன்று இருக்கிறது என்றும் நாத்தனார் ஒரு தடவை சொன்னாள். "அது பழைய கறை" என்று விசிலக்கா படியிறங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாத்தனார் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி வருவதும் வராததுமாக இருந்தது. தொட்டி ஒன்று இல்லாமல் இந்த வெயிலில் மாடியை ஓட்ட முடியாது என்று விசிலக்காவுக்குத் தெரிந்துபோனது. மாடித் தோட்டக்காரர்களுக்கு நகராட்சி உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டாள். தண்ணீர்த் தொட்டி, நிழல் வலை, நாற்று எல்லாம் தருவார்கள். ஆனால் தளம் தாங்குமா என்று இன்ஜினியர் வந்து பார்ப்பார். தாங்காது என்று சொல்லிவிட்டால் இருப்பதையும் காலி பண்ண வேண்டும்.

"அப்ப எதுக்கு வம்ப வெல குடுத்து வாங்குற?" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

"தொட்டி இல்லன்னா ரெண்டு வாரத்துல எல்லாம் கருகிடும். அப்புறம் கீழ தட்டு மறுபடி வெள்ளைதான்."

"இன்ஜினியர் முடியாதுன்னுட்டா?"

"நீங்க நூலக் கோத்துக்கிட்டிருங்க."

இன்ஜினியர் வருகிற நாளுக்கு முந்தின இரண்டு நாளும் லாரி வரவில்லை. கீரையெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் மாதிரி நின்றன. விசிலக்கா மேலே போய்ப் பார்ப்பாள், கீழே வந்து ரோட்டைப் பார்ப்பாள், மறுபடி மேலே போவாள். "நீ ஏறி எறங்குற வேர்வைய வெச்சே பாதி பாத்திய நனைக்கலாம்" என்றார் தையல்காரர்.

அன்று காலை விடிந்ததும் லாரி வந்துவிட்டது. வாளிச் சத்தமும் சண்டையுமாகத் தெரு எழுந்தது. விசிலக்கா கதவு கதவாகத் தட்டினாள். "தண்ணி வந்திருச்சு! பாத்திய நல்லா நனைங்க! இன்ஜினியரம்மா வர்றப்போ ஒவ்வொண்ணும் தலை நிமிந்து நிக்கணும்!"

நனைத்தார்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற புருஷன் கிளம்பும் முன் ஊற்றிவிட்டுப் போனான். அது தெரியாமல் பெண்டாட்டி ஊற்றினாள். அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று மாமியார் ஒரு தடவை ஊற்றினாள். வீடுதோறும் இதே கதை. விசிலக்கா இதற்கிடையில் மாடியைப் பெருக்கித் துடைத்தாள். மண் கரைந்து குழாயில் இறங்கி அடைத்துக்கொள்கிறது என்று ஒரு பழைய புகார் உண்டு. இன்ஜினியர் கண்ணில் ஒரு துளி சேறும் படக்கூடாது என்று, மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் கோணிச் சாக்கைச் சுருட்டித் திணித்தாள். அவள் திணித்தால் அது மூச்சு விடாது. பஸ்ஸில் ஆளைத் திணித்த கை.

கடைசியாகப் படியில் நின்று கேட்டாள். "எல்லாரும் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு!" என்றது நாலு மாடியும்.

இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு ஒற்றுமையாகவா? அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விரல் விட்டுப் பார்க்க நேரமில்லை. மிச்சமிருந்த குடங்களை எடுத்து, கோடியிலிருந்து கோடிவரை எல்லாப் பாத்திக்கும் இன்னொரு தடவை ஊற்றினாள்.

இன்ஜினியர் இளம்பெண். தோளில் பை, கையில் ஒரு சின்னச் சுத்தியல். மேலே ஓட ஆரம்பித்த விசிலக்காவை நிறுத்தினாள்.

"மாடிய அப்புறம் பாக்கலாம்க்கா. மொதல்ல மாடிக்குக் கீழ இருக்கிற வீட்டோட கூரையப் பாக்கணும்."

விசிலக்கா ஏறின இரண்டு படியையும் இறங்கினாள். நாத்தனார் வீடு. இத்தனை நாள் ஃபேன் ஆடின கணக்கையெல்லாம் இன்றைக்குத் தீர்த்துவிடுவாளே.

நாத்தனார் கதவைத் திறந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தது. "வாங்க மேடம், வாங்க. ஒரே ரூம்தான், சின்ன வீடு" என்று வாயெல்லாம் பல்லாக அழைத்தாள். அந்தச் சிரிப்பை விசிலக்கா அதுவரை பார்த்ததேயில்லை.

இன்ஜினியர் முன்னறையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். டொக். தரையில் ஒரு சொட்டு.

"நான்தான் மேடம்" என்றாள் நாத்தனார். "இப்பத்தான் தல குளிச்சேன்."

டொக். இந்தத் தடவை இன்ஜினியரின் மூக்கில்.

"இதுவும் உங்க தலையா?"

"முடி கொஞ்சம் நீளம் மேடம்."

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூல்மேல் ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கெட்டிச் சத்தம். "மேல லேசா ஒரு விரிசல் இருக்கு. பூசிட்டாப் போதும். வேற ரூம் இல்லையே?"

"இல்ல மேடம்."

விசிலக்கா பின்பக்கம் பார்த்தாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் கொடி கட்டி, காயாத துணியெல்லாம் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தது. துணிக்குப் பின்னாலிருந்து வேறொரு சத்தம் வந்தது. வாளியில் சொட்டுகிற சத்தம், விடாமல்.

நாத்தனார் அவளைப் பார்த்தாள். பேசாம இருங்க அண்ணி என்றது அந்தப் பார்வை. அவள் மகளும் கீழே அதே தட்டில்தான் மத்தியானம் சாப்பிடுகிறாள்.

"சரி, அப்ப மேல போலாம்" என்று இன்ஜினியர் பையை எடுத்தாள்.

சும்மா நின்றால் போதும். விசிலக்கா வாழ்க்கையிலேயே செய்யாத அந்த ஒரே வேலையைச் செய்தால் தொட்டி வரும், வலை வரும், கீழே தட்டு பச்சையாக இருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மகளின் சின்னக் கட்டில்.

"மேடம், உள்ள இன்னொரு ரூம் இருக்கு."

"அண்ணி!"

விசிலக்கா துணிகளை ஒதுக்கிக் கதவைத் தள்ளினாள். கூரை நடுவில் சுண்ணாம்பு உப்பி, புடைத்துத் தொங்கியது. நேர்கீழே கட்டில், கட்டில்மேல் வாளி. இன்ஜினியர் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள். கட்டிலை மட்டும் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வாளி கவிழ்ந்தது. அப்புறம் இன்ஜினியர் துடைப்பக் கட்டையால் கூரையை லேசாகத் தொட்டாள். தட்டக்கூட இல்லை. பெரிய தாம்பாளம் அளவுக்குக் காரை பிய்ந்து, கட்டில் இருந்த இடத்தில் விழுந்து உடைந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

விசிலக்கா விழுந்த காரையையும் வெளியே இழுத்த கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றாள் விசிலக்கா.

"சொன்னேன். பழைய கறைன்னீங்க" என்றாள் நாத்தனார். "நான் ராத்திரி பாப்பாவ என்கூட முன் ரூம்லதான் படுக்க வெச்சுக்கிறேன். பகல்ல அவ கீழ இருப்பா. சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட இன்னொரு தடவ சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்க ஒரு எடத்துல நின்னாத்தான சொல்றதுக்கு!"

மாடிக்குப் போனார்கள். மாடி குளமாக நின்றது. கீரைகள் எல்லாம் தலை நிமிர்ந்து, முழங்கால் தண்ணீரில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஜோராக நின்றன. விசிலக்கா ஓடிப்போய்க் குழாய் வாயிலிருந்த சாக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது.

"காஞ்ச மண்ணே கனம். ஊறின மண்ணு அதவிட எவ்வளவோ கனம்" என்றாள் இன்ஜினியர். "யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?"

சத்தம் கேட்டு மேலே வந்திருந்த வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான்தான் ஊத்தினேன்."

"நானும்தான்."

"அவரு ஊத்துனது தெரியாம நான் ஊத்திட்டேன்."

"நானும் ஒரு குடம்" என்றது பின்னாலிருந்து தையல்காரரின் குரல்.

விசிலக்கா திரும்பினாள். "நீங்களா? நீங்க எப்ப எழுந்தீங்க?"

"நீ கேப்பியேன்னு பயந்துட்டேன்."

இன்ஜினியர் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். சுவரை ஒட்டின பாத்திகள் இருக்கலாம், கீழே சுவர் தாங்கும். நடுவில் இருக்கிறது எல்லாம் இன்றைக்கே இறங்க வேண்டும். தொட்டியும் வலையும் தளத்தைப் பழுது பார்த்த பிறகுதான். பழுதுக்கும் அவளே எழுதிப்போடுவாள், ஆனால் நாள் பிடிக்கும். அதுவரை பின்னறையில் யாரும் படுக்கக்கூடாது.

விசிலக்கா ஆயுசு முழுக்க எல்லாரையும் நடுவுக்குத் தள்ளினவள். இப்போது மண் அள்ளிய சட்டியோடு நின்றவர்களைப் பார்த்து, "நடுவுல நிக்காதீங்க! ஓரமா போங்க, ஓரமா போங்க!" என்று கத்தினாள். சொன்ன பிறகு அவளுக்கே அந்த வார்த்தை வாயில் ஒட்டவில்லை.

சமையல்காரம்மா முழுப் படியும் ஏறி, மூச்சு வாங்க, கரண்டியோடு வந்து நின்றாள். "நடுவுல இருந்ததுலேர்ந்துதான் விசிலு என் சட்டிக்கு நெறைய வந்துக்கிட்டிருந்துச்சு. நாளைக்கு நான் என்ன போடுவேன்?"

விசிலக்கா நடுப் பாத்திகள் பக்கம் திரும்பினாள். செடிகளைப் பார்த்தாள். வேரோடு எடுத்தால் பிழைக்கும். எங்கே வைப்பது?

"எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள் நாத்தனார். "என் முன் ஜன்னல்ல நாள் முழுக்க வெயிலு. சுவர ஒட்டித்தான் இருக்கு."

"எங்க பால்கனியிலயும் வைக்கலாம்" என்றது இன்னொரு வீடு. "படி ஓரத்துல நாலு வாளி நிக்கும்" என்றது மற்றொன்று.

"ஆனா ஒண்ணு" என்று நாத்தனார் துண்டை அவிழ்த்து உதறினாள். முடியில் ஈரமே பட்டிருக்கவில்லை. "என் வீட்டு ஜன்னல்ல நான்தான் கண்டக்டர். ஊத்தியாச்சா ஊத்தியாச்சான்னு யாரும் வந்து கதவத் தட்டக்கூடாது."

"ஆமாக்கா, அது கரெக்டு!" என்று மாடி முழுக்க ஒரே குரல் எழுந்தது. காலையில் 'ஊத்தியாச்சு' சொன்ன அதே ஒற்றுமை.

விசிலக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்து, தையல்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "கொஞ்சம் உக்காரு" என்றார். அவள் அந்த வாளியையே எடுத்து மண்ணை நிரப்பிக்கொண்டு படியிறங்கினாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுக்குச் சிறை. சுவரோரப் பாத்திகளை முடித்துவிடுவாள். பிறகு கை சும்மா இருக்கும். ஒவ்வொரு கதவாகக் கடப்பாள். உள்ளே வாடுகிறதா, வளர்கிறதா, மறந்தே போனார்களா? விரல் அரிக்கும். நாத்தனார் வீட்டு முன்னால் செருப்பைச் சரி பண்ணுகிற சாக்கில் குனிந்து ஜன்னலை எட்டிப் பார்ப்பாள். உள்ளேயிருந்து, "செருப்பு நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்று குரல் வரும். இறங்கிவிடுவாள். அடுத்த மாடியில் மறுபடி அதே பாடு.

சில நாள் தட்டில் பச்சை கொஞ்சம்தான் இருந்தது. ஒரு நாள் இல்லவே இல்லை. அன்று விசிலக்கா சோற்றைக் கையில் எடுத்து அப்படியே வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு முற்பகல், கீழ்த்தளத்து வாசலில் நின்று சமையல்காரம்மா கரண்டியால் கம்பியைத் தட்டினாள். "இன்னிக்கு யார்கிட்ட என்ன இருக்கு? அடுப்பு காயுது!"

விசிலக்கா இரண்டாவது மாடிப் படியில் நின்றிருந்தாள். பதில் சொல்ல வாய் திறந்தது. சொல்ல என்ன இருக்கிறது? யாரிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

"எங்கிட்டக் கீர இருக்கு, ரெண்டு கட்டு வரும்!" மேல் மாடியிலிருந்து நாத்தனார்.

"வெங்காயத்தாள் அனுப்புறேன்!"

"தக்காளி நாலஞ்சு பழுத்திருக்கு. ஒண்ண அணில் கடிச்சிருச்சு, பரவாயில்லையா?"

"கடிச்சத அணிலுக்கே வெச்சிரு, மீதிய அனுப்பு!"

கூடைகள் இறங்கின. ஒன்று கயிற்றில், ஒன்று கையில். விசிலக்கா யாரையும் எதுவும் கேட்காமல், வழியில் வந்ததை வாங்கிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். மத்தியானம் காப்பகத்து வாசலில் நின்று பார்த்தாள். எல்லாத் தட்டிலும் பச்சை, நடுவில் கொஞ்சம் சிவப்பு.

நாத்தனார் மகள் கீரையை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அத்தை, நாளைக்கும் கீரையா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒங்கம்மாவக் கேளு" என்றாள் விசிலக்கா. சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். பிறகு, தட்டின் ஓரத்துக்குப் போனதைக் குனிந்து நடுவுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, சமையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "நாளைக்கு என்ன?"

"நாளைக்கு நாளைக்குக் கேப்பேன். நீ போ, வாசல மறைக்கிற."

போனாள். மேலே போவதா, தெருவுக்குப் போவதா என்று முடிவாகாமல், படிக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தாள்.